எக்ஸ்சி ரேஸில் என்ன தகராறு வந்தாலும்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

அமெச்சூர் எக்ஸ்சி ரேஸில், அதாவது கிராஸ் கன்ட்ரி மவுன்டன் பைக் போட்டியில், ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் பலரும் தப்பான இடத்தில்தான் கை வைக்கிறார்கள். முன்சக்கரம் வழுக்கினால் டயர் மோசம் என்று புது டயர் வாங்குகிறார்கள், உண்மையில் காற்று அதிகமாக இருந்திருக்கும். கடைசி லேப்பில் தொடை பிடித்துக்கொண்டால் உப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள், அந்தப் பிடிப்புக்கான விதை முதல் ஏற்றத்திலேயே விழுந்திருக்கும். அறிகுறி தெரிவது ஓரிடம், கோளாறு பிறந்தது வேறிடம். அதனால் கீழே முடிந்தவரை இரண்டையும் சொல்கிறேன்: தடத்தில் நிற்கும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது, அடுத்த ரேஸுக்கு முன்னால் எதைச் சரிபார்ப்பது.

ஒரு விஷயம் முதலிலேயே. யூசிஐ (சர்வதேச சைக்கிள் ஓட்ட அமைப்பு) விதிப்படி நடக்கும் போட்டிகளில் ஃபீட் ஸோன் (உணவு, தண்ணீர் தரும் இடம்), டெக் ஸோன் (பழுதுபார்க்கும் இடம்) தவிர வேறெங்கும் வெளியாள் உதவி வாங்கக் கூடாது, உங்கள் வண்டியை நீங்களே எங்கு வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம். அமெச்சூர் போட்டிகளில் நடத்துபவர்களைப் பொறுத்து இது தளரும், இறுகும், படித்துப் பார்த்துவிடுங்கள். எப்படியிருந்தாலும் டியூப்லெஸ் பிளக் (டியூப் இல்லாத டயரின் ஓட்டையில் செருகும் ரப்பர் துண்டு), டயரை நிரப்பக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், செயின் கட்டர் உள்ள மல்டிடூல், உங்கள் செயினுக்குப் பொருந்தும் குவிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி) ஒன்று, இவ்வளவும் உங்களிடமே இருக்கட்டும். கீழே சொல்லும் வைத்தியத்தில் பாதி இவை இருந்தால்தான் நடக்கும்.

தலையில் அடி, அல்லது வெயிலில் திடீர்க் குளிர்: இரண்டுக்கும் ஒரே பதில்

விழுந்து தலையில் அடிபட்டது. எழுந்தாயிற்று, வண்டியும் ஓடுகிறது. ஆனால் தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, எத்தனையாவது லேப் என்று குழப்பம், இதில் எது இருந்தாலும் உங்கள் ரேஸ் அந்த இடத்தோடு முடிந்தது. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துக்கூட வெளியே வரலாம் என்பதால், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பதை நம்ப முடியாது. தடத்தைக் கண்காணிக்கும் மார்ஷலிடம் சொல்லுங்கள், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஹெல்மெட்டில் வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் சரி, அதைத் திரும்பப் போடக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது.

இன்னொன்று வெயில். கொளுத்தும் வெயிலில் உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தால், தலை சுற்றினால், நேர்கோட்டில் ஓட்ட முடியவில்லை என்றால், நிறுத்தி நிழலுக்குப் போய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றுங்கள். தொடர்பில்லாமல் பேச ஆரம்பித்தவரைப் பார்த்தால் உடனே உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள், அது நீங்கள் முந்தப் போகும் ஆளாகவே இருந்தாலும்.

பத்து நிமிடத்திலேயே கால் எரிகிறது, மூச்சு அடங்கவே இல்லை, ஒவ்வொருவராக முந்திப் போகிறார்கள்

அமெச்சூர் எக்ஸ்சியில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். பைக்கில் ஒன்றும் இல்லை, உடம்பிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. வேகக் கணக்கு தப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டே வேகமாகத் தொடங்கச் சொல்கிறது என்பது உண்மை. 1996 அட்லான்டாவில் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ஆண்கள் போட்டியை வென்ற பார்ட் பிரென்ட்யென்ஸ் 2 மணி 17 நிமிடம் எடுத்துக்கொண்டார். டோக்கியோவில் டாம் பிட்காக் 1 மணி 25 நிமிடத்தில் முடித்தார். ரேஸ் சுருங்கச் சுருங்க, தொடக்கத்தில் சிங்கிள்டிராக்குக்குள் (ஒருவர் மட்டும் போகக்கூடிய ஒற்றையடிப் பாதை) யார் முதலில் நுழைகிறார்கள் என்பது பெரிதாகிவிட்டது, ஏனென்றால் உள்ளே போன பிறகு முந்த இடமில்லை. ஆனால் முன்வரிசைக்காரர்கள் முதல் இரண்டு நிமிடம் ஓட்டும் வேகத்தைப் பார்த்து நாமும் ஓட்டினால், அவர்களுக்கு மூன்றாவது நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும், நமக்குத் திரும்பாது.

அந்த நிமிடம் செய்ய வேண்டியது: ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கி, வாயால் முழுதாக மூச்சை வெளியே விட்டு, இரண்டு மூன்று வாக்கியம் பேச முடியாவிட்டாலும் நாலு வார்த்தையாவது சேர்த்துச் சொல்ல முடியும் என்ற நிலைக்கு வாருங்கள். அதற்கு அரை லேப்கூட ஆகலாம். நாலு இடம் போகும், போகட்டும். அதே எரிச்சலோடு தொங்கிக்கொண்டு ஓட்டினால் அடுத்த இறக்கத்தில் கை கால் சொன்னபடி கேட்காது, அங்கே விழுந்தால் போவது நாலு இடம் மட்டும் இல்லை.

அடுத்த ரேஸுக்கு முன்: வார்ம்-அப். குளிர்ந்த உடம்போடு கோட்டில் நின்றால் இந்த எரிச்சல் உறுதி. 15, 20 நிமிடம் லேசாக ஓட்டி, நடுவில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மூன்று நான்கு முறை நன்றாக அழுத்துங்கள். அமெச்சூர் ரேஸில் வரிசையில் நிற்க வைத்து அறிவிப்பு அது இது என்று நேரத்தை இழுப்பார்கள், அதையும் கணக்கில் வைத்து வார்ம்-அப்பை முடிந்த மட்டும் தாமதமாக முடியுங்கள். இன்னொன்று, தொடக்கக் கோட்டிலிருந்து முதல் சிங்கிள்டிராக் வாய் வரைக்கும் எவ்வளவு தூரம், ஏற்றமா சமதளமா என்று முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள். 300 மீட்டரில் குறுகுகிறது என்றால் முழு மூச்சில் போவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் அகலப் பாதை ஏற்றம் என்றால் முழு மூச்சு முட்டாள்தனம், நிதானமாகப் போனவர் அந்த ஏற்றத்தின் பாதியிலேயே உங்களைப் பிடித்துவிடுவார்.

டயரிலிருந்து "ஸ்ஸ்ஸ்", காலில் வெள்ளையாகத் தெறிக்கிறது

டயருக்குள் இருக்கும் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், வேலை செய்துகொண்டிருக்கிறது. உடனே குதித்து இறங்காதீர்கள். சிறு ஓட்டை என்றால் சக்கரம் சுற்றச் சுற்ற அடைத்துக்கொள்ளும். சத்தம் நிற்கவில்லை, ரிம் தரையில் இடிப்பது தெரிகிறது என்றால் ஓரமாக, நிஜமாகவே தடத்தை விட்டு ஓரமாக, நிறுத்துங்கள். ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பினால் சீலன்ட் அங்கே தேங்கும். அதற்கும் அடங்காவிட்டால் பிளக்கைக் குத்தி முக்கால்வாசி உள்ளே தள்ளி, கருவியை நேராக இழுங்கள். காற்று பாதிக்கு மேல் இருக்கும்போதே பிளக் போட்டுவிடுவது நல்லது, டயர் முழுதாகத் தொய்ந்த பிறகு குத்துவது சிரமம்.

சிலிண்டரால் நிரப்பும்போது வால்வு மேல்பக்கம் இருக்கட்டும். வெளியே வரும் வாயு உறைபனிக் குளிராக இருக்கும், தேங்கிய சீலன்ட் மேல் நேராகப் பாய்ந்தால் சில வகைச் சீலன்ட் கட்டிப்பட்டுப் போகும். 16 கிராம் சிலிண்டர் 29 அங்குல டயரை ஓட்டிப் போகுமளவு நிரப்பும். டயர் ரிம்மிலிருந்தே கழன்றுவிட்டது என்றால் 25 கிராம் இருப்பது பாதுகாப்பு. கார்பன் டை ஆக்சைடு ரப்பர் வழியே சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசிந்துவிடும், ஆகவே மறுநாள் டயர் தொய்ந்து கிடந்தால் பதற வேண்டாம், பம்பால் நிரப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பக்கச்சுவரில் பெரிய கிழிசல் என்றால் பிளக் நிற்காது. உள்ளே டியூப் போட வேண்டும், கிழிசல் மேல் எனர்ஜி ஜெல்லின் காலி உறை மாதிரி எதையாவது மடித்து வைத்து டியூப் பிதுங்காமல் தடுக்க வேண்டும். டியூப் போடுவதற்கு முன்னால் டயருக்குள் விரலைக் கவனமாக ஓட்டி முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எங்கே பிறந்தது? பலமுறை, காய்ந்துபோன சீலன்டில். சூட்டையும் ஈரப்பதத்தையும் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதத்தில் அது காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தளும்ப வேண்டும். தளும்பவில்லையா, ஊற்றுங்கள்.

வளைவில் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறது

முதலில் காற்று. 70 கிலோ ஆள், 2.25 முதல் 2.4 அங்குல டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 18 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு), பின்னால் 20 முதல் 23 என்று ஆரம்பிக்கலாம். எடைக்கும் டயருக்கும் ரிம் அகலத்துக்கும் ஏற்ப இது மாறும். ரிம் மேலோ டயர் மேலோ எழுதியிருக்கும் எல்லைகளைத் தாண்டாதீர்கள். தடத்தை முன்னோட்டம் பார்க்கும் நாளில் ஒரே வளைவை மூன்று நான்கு முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் 1 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லில் "டங்" என்று இடிக்க ஆரம்பித்தாலோ வளைவில் டயர் மடங்குவது போலத் தெரிந்தாலோ எல்லை வந்துவிட்டது, ஒன்றிரண்டு ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே கேஜை எப்போதும் பயன்படுத்துவது முக்கியம், இரண்டு கேஜ் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்பாதீர்கள், 2 பிஎஸ்ஐ வித்தியாசம் இந்த அளவில் பெரிது.

காற்று சரியாக இருந்தும் வழுக்குகிறது என்றால் உட்காரும் விதத்தைப் பாருங்கள். பயம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் போகும், முன்சக்கரத்தில் பாரம் இல்லாமல் போகும், பாரம் இல்லாத சக்கரம் எதைப் பிடிக்கும்? இடுப்பை மடக்கி நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கைகளை வெளியே விரித்து, ஹேண்டில்பாரின் மேல் கொஞ்சம் பாரம் கொடுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, கண்ணை வளைவின் கடைசிக்கு அனுப்புங்கள். வளைவின் நடுவே முன்பிரேக்கைப் பிடிப்பவருக்கு எந்த டயரும் உதவாது.

அழுத்தினால் செயின் தாவுகிறது, கியர் தானாக மாறுகிறது

எப்போது தாவுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றிரண்டு பற்சக்கரங்களில் மட்டும், அதுவும் நீங்கள் அதிகம் ஓட்டும் கியர்களில் மட்டும் தாவினால் கேசட் (பின்சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதி) தேய்ந்திருக்கிறது. பழைய கேசட்டில் புதுச் செயின் போட்ட வாரம்தான் இது அப்பட்டமாகத் தெரியும். ஆகவே ரேஸுக்கு முந்தின நாள் புதுச் செயின் போடாதீர்கள், ஒரு வாரம் முன்னால் போட்டு ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிப் பாருங்கள். 11, 12 வேகச் செயின்களை 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிட்டால் கேசட் நீண்ட நாள் உழைக்கும்.

எந்தக் கியரில் இருந்தாலும் ஒரே தாளத்தில், பெடல் சில சுற்றுக்கு ஒருமுறை தாவுகிறதா? செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னால் மெதுவாகச் சுற்றினால் டீரெய்லரின் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பின்கருவி) சிறு சக்கரத்தைக் கடக்கும்போது ஒரு கண்ணி நிமிராமல் துள்ளும். அதை இரு கையாலும் பக்கவாட்டில் வளைத்து விட்டால் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

எல்லாக் கியரிலும் தயங்கித் தயங்கி மாறுகிறது, பெரிய பற்சக்கரத்துக்கு ஏற மறுக்கிறது என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. ஷிஃப்டரில் உள்ள திருகை இடஞ்சுழியாக அரைச் சுற்று. ஓட்டிக்கொண்டே செய்யலாம். ஒரே தடவையில் இரண்டு மூன்று சுற்று திருகிவிடாதீர்கள், அப்புறம் எங்கிருந்து தொடங்கினோம் என்றே தெரியாது.

விழுந்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்றால் கேபிளைத் தொடவே வேண்டாம், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. பின்னாலிருந்து பாருங்கள், டீரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலே உள்ள பற்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ப்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால், மிகப் பெரிய பற்சக்கரத்துக்குப் போகும் போது டீரெய்லர் ஆரைக் கம்பிகளுக்குள் சிக்கி, ஹேங்கர், டீரெய்லர், சக்கரம் மூன்றையும் ஒரே நொடியில் முடித்துவிடும். ஆகவே மீதி ரேஸுக்குப் பெரிய பற்சக்கரங்கள் இரண்டையும் மறந்துவிடுங்கள். ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், தள்ளுவது விதிக்கு விரோதம் இல்லை. வீட்டுக்கு வந்து ஹேங்கரை நிமிர்த்தவோ மாற்றவோ செய்யுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஹேங்கர் வேறு வேறு என்பதால் உங்களுடையதில் ஒன்று கூடுதலாகக் கையில் இருப்பது அவசியம்.

ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் போன்ற வயர்லெஸ் கியர் நடுவழியில் நின்றுபோய், சீட்போஸ்ட்டும் அதே குடும்பத்து வயர்லெஸ் டிராப்பர் (ஓட்டும்போதே சீட்டைத் தாழ்த்தும் சீட்போஸ்ட்) என்றால், டிராப்பரின் பேட்டரியைக் கழற்றி டீரெய்லரில் மாட்டிக்கொள்ளுங்கள். டிராப்பர் இல்லாமல் ரேஸை முடிக்கலாம்.

செயின் கழன்றுவிட்டது, அல்லது அறுந்துவிட்டது

கழன்றது என்றால் டீரெய்லரின் கீழ்க்கையை முன்னால் தள்ளித் தளர்வு உண்டாக்கி, செயினைச் செயின்ரிங்கின் (பெடலோடு சுற்றும் முன் பற்சக்கரம்) மேற்பக்கம் சில பற்களில் மாட்டி, பெடலை முன்னால் மெதுவாகச் சுற்றுங்கள். ஃபிரேமுக்கும் செயின்ரிங்குக்கும் நடுவில் சிக்கியிருந்தால் பெடலை மிதித்து விடுவிக்கப் பார்க்காதீர்கள், கார்பன் ஃபிரேமைச் செயின் அறுத்தெடுத்துவிடும், கையால்தான் எடுக்க வேண்டும். அடிக்கடி கழல்கிறது என்றால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டீரெய்லர் கிளட்ச் அணைந்திருக்கிறதா பாருங்கள். ஷிமானோவில் சிறு நெம்புகோல் ஒன்று இருக்கும், சக்கரத்தைக் கழற்றும்போது அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறப்பது எல்லோருக்கும் நடக்கும். கிளட்ச் சரி என்றால், செயின்ரிங் பற்கள் தேய்ந்திருக்கலாம், செயின் நீளம் அதிகமாக இருக்கலாம்.

அறுந்தது என்றால் நெளிந்த கண்ணியைச் செயின் கட்டரால் எடுத்துவிட்டு குவிக் லிங்க் போடுங்கள். 12 வேகச் செயினுக்கு 12 வேக லிங்க்தான். லிங்க்கை மேற்பக்கச் செயினுக்குக் கொண்டுவந்து, பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி மிதித்தால் "டிக்" என்று பூட்டிக்கொள்ளும். செயின் இப்போது கொஞ்சம் குட்டை, மிகப் பெரிய பற்சக்கரத்தைத் தவிர்த்தே ஓட்டுங்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே: செங்குத்து ஏற்றத்தில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றியது. ஏற்றம் கண்ணில் பட்டதுமே மாற்றிவிட வேண்டும்.

பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வருகிறது

இதை மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். லீவரை நாலைந்து முறை வேகமாக அமுக்கிப் பாருங்கள். கெட்டியாகிறது என்றால் ஹைட்ராலிக் குழாயில் காற்று இருக்கிறது, வண்டியைத் தலைகீழாகவோ படுக்கவைத்தோ கொண்டுவந்திருந்தால் இது சகஜம். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் அமுக்கி உறுதிசெய்துகொண்டு ஓட்டலாம். கெட்டியாகவே இல்லை, அதுவும் முன்பிரேக் என்றால், இறக்கங்களை நடந்து கடந்து டெக் ஸோனுக்குப் போங்கள். வீட்டில் பிளீட் செய்யும்போது (காற்றை வெளியேற்றித் திரவம் ஊற்றும்போது) உங்கள் பிரேக்குக்கு மினரல் ஆயிலா டாட் திரவமா என்று பார்த்தே ஊற்றுங்கள், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

நீண்ட இறக்கத்தின் கடைசியில் மட்டும் பிரேக் மங்குகிறது என்றால் சூடு. பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கும் பழக்கம்தான் காரணம். வேண்டிய இடத்தில் நன்றாகப் பிடித்து, அடுத்த துண்டில் முழுதாக விட்டுவிடுங்கள், ரோட்டர் (பிரேக்கின் வட்டத்தகடு) ஆறும்.

ஈரத்தில் கீச்சிடுவது ஒன்றுமில்லை, காய்ந்ததும் போய்விடும். காய்ந்த தடத்தில் கீச்சிட்டு, பிடிமானமும் குறைந்திருந்தால் பிரேக் பேடில் எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்கு ஸ்ப்ரே அடித்தவர்களின் பின்பிரேக்கில் இது சர்வசாதாரணம். ரோட்டரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாம், பேடை மாற்றிவிடுங்கள், சுரண்டியும் சுட்டும் மீட்ட பேடை நான் நம்புவதில்லை. இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் என்றால் பேடே இல்லை, தகடு மட்டும் மிச்சம். சேறும் மணலும் சேர்ந்த ரேஸில் ரெசின் பேட் ஒரே நாளில் கரைந்துபோகலாம், மழை வரும் போலிருந்தால் உலோகம் கலந்த சின்டர்ட் பேட் போடுங்கள். புதுப் பேடை ரேஸ் காலையில் போட்டு நேராகக் கோட்டுக்குப் போகாதீர்கள், மிதமான வேகத்திலிருந்து கிட்டத்தட்ட நிற்கும் வரை இருபது முறையாவது பிடித்து விட்டுப் பழக்கினால்தான் அது கடிக்கும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு "ஷிக் ஷிக்" என்று ரோட்டர் உரசினால் பேடுகளைத் தாங்கும் காலிப்பரைத் தொடும் முன் சக்கரத்தை இன்னொரு முறை சரியாக உட்காரவைத்து ஆக்ஸிலை இறுக்குங்கள். பலமுறை அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அமுக்கிப் பிடித்தபடி மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்குகிறது, இல்லையென்றால் பின்சக்கரம் சும்மா சுழல்கிறது

இரண்டும் ஒரே தராசின் இரு தட்டு. தூக்கினால் சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கைகளைக் கீழே இறக்கி நெஞ்சைத் தாழ்த்துங்கள். சுழன்றால் ஓரங்குலம் பின்னால். எழுந்து நின்று மிதிப்பது உதிரிக் கல்லில் பின்சக்கரத்தை இன்னும் சுழலவிடும். ரொம்பச் சின்ன கியரும் தப்பு, ஒவ்வொரு மிதியிலும் வெடுக்கென்று இழுத்துப் பிடிமானம் போகும், ஒரு கியர் கனமாக வைத்து வட்டமாக மிதியுங்கள்.

முன்கை கல்லாகிவிட்டது, விரல் மரத்துவிட்டது

பிரேக் லீவர் எட்டாத தூரத்தில் இருக்கிறது, அதனால் இரண்டு மூன்று விரலால் பிடிக்கிறீர்கள், மிச்ச விரல் ஹேண்டில்பாரை நெரிக்கிறது. லீவரை உள்ளே தள்ளி, ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் நுனியில் வசதியாக உட்காரும்படி வையுங்கள். ரீச் திருகைத் திருகி அருகே கொண்டுவாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சஸ்பென்ஷனில் காற்று அதிகமாக இருந்தாலும் எல்லாக் குலுக்கலும் கைக்கே வரும். ரேஸ் உடையில், தண்ணீரோடு, ஏறி நிற்கும்போது எக்ஸ்சி ஃபோர்க் தன் பயணத்தில் 15 முதல் 20 சதவீதம் அமுங்க வேண்டும். ரேஸ் முடிந்தும் ஃபோர்க் காலில் உள்ள ஓ-வளையம் பாதி தூரம்கூட நகரவில்லையே என்றால் காற்றைக் குறையுங்கள். ரேஸ் நடக்கும்போது ஒரே மருந்துதான்: சமதளம் வரும் இடத்திலெல்லாம் கையைத் தளர்த்தி விரல்களை ஆட்டிவிடுவது.

கீழ்முதுகு வலியை இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாதி ரேஸுக்கு மேல், ஏற்றத்தில் மட்டும் வந்தால், கனமான கியரை முதுகால் இழுக்கிறீர்கள். கியரை இறக்கிச் சுழற்சியைக் கூட்டுங்கள், மேட்டின் உச்சியில் எழுந்து இடுப்பை முன்னால் தள்ளி நீட்டி விடுங்கள். முதல் லேப்பிலிருந்தே வலித்தால் சீட் உயரத்தையும் ஹேண்டில்பார் தூரத்தையும் பார்க்க வேண்டும். சீட்போஸ்ட் மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதையும் பாருங்கள். சீட்போஸ்ட்டில் நாடா ஒட்டிக் குறி வைத்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தொடையோ ஆடுதசையோ பிடித்துக்கொள்கிறது

உடனே செய்ய வேண்டியது: கியரை இறக்கி லேசாகச் சுழற்றுங்கள், பிடித்த தசையை நீட்டுங்கள், ஆடுதசை என்றால் குதிகாலைக் கீழே அழுத்தினால் போதும், ஓட்டிக்கொண்டே செய்யலாம். உப்பு மாத்திரையைத் தேடுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள்: உப்பிழப்பு மட்டுமே காரணம் என்றால் உடம்பு முழுக்கப் பிடிக்க வேண்டும், பிடிப்பதென்னவோ அதிகம் உழைத்த அந்த ஒரு தசைதான். பழக்கத்தை மீறிய களைப்புதான் முதல் சந்தேக நபர் என்று இன்றைய விளையாட்டு மருத்துவமும் சாய்கிறது. ஆகவே வேகக் கணக்கையும், பயிற்சியில் ரேஸ் வேகத்தை எட்டினீர்களா என்பதையும் பாருங்கள். நிறைய வியர்ப்பவர்கள் உப்பு சேர்த்துக் குடிப்பதில் தவறில்லை, அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனதும் விளக்கணைத்தது போல உடம்பு நின்றுவிடுகிறது

மூச்சு வாங்கவில்லை, கால் எரியவில்லை, ஆனாலும் பலமே இல்லை, சின்னக் கல்லைக்கூடப் பார்த்து ஏற முடியவில்லை, காரணமில்லாமல் எரிச்சலாக வருகிறது. மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. தசையில் சேமித்த கிளைக்கோஜன், கடும் உழைப்பில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தாங்கும், முந்தின நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு அதுவும் இல்லை. கையில் இருக்கும் ஜெல்லையோ இனிப்புப் பானத்தையோ இப்போதே எடுங்கள். பலன் தெரிய பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அதுவரை வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேர ரேஸ் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன் நல்ல சாப்பாடு, நடுவில் சில வாய் இனிப்புப் பானம், அவ்வளவே போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 60 கிராம் வரை மாவுச்சத்து, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான மாரத்தான் வகை என்றால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து 90 கிராம் வரை போகலாம், வயிறு அதற்குப் பழகியிருந்தால். எக்ஸ்சியின் சிக்கல் என்னவென்றால் எடுத்துச் சாப்பிட இடமே இருக்காது, தடம் முழுக்க இரண்டு கையும் வேண்டும். முன்னோட்டத்தின்போதே "இங்கே குடிப்பேன்" என்று இரண்டு இடத்தைக் குறித்துவையுங்கள். மேட்டின் உச்சியைத் தாண்டிய சமதளம் நல்ல இடம்.

வயிறு உப்பிக் குமட்டுகிறதா? பானம் கெட்டியாக இருக்கிறது. 500 மில்லி தண்ணீருக்கு 30 முதல் 40 கிராம் என்பது வயிறு எளிதில் விடும் அளவு. அதற்கு மேல் கெட்டியானால் வயிற்றிலேயே தங்கிவிடும், மேலே வெறும் தண்ணீரைக் குடித்து நீர்க்கச் செய்யுங்கள். ரேஸ் நாளில் புது ஜெல் எதையும் முயன்று பார்க்காதீர்கள்.

ஷூ பெடலில் மாட்டவில்லை, அல்லது கழல மறுக்கிறது

மாட்டவில்லை என்றால் சேறு. பெடலில் காலைத் தட்டி உதறுங்கள், நடந்து வரும்போதே புல்லில் தேய்த்துவிடுங்கள். காலைத் திருப்பினாலும் கழலாமல் ஷூ மட்டும் சுழன்றால் ஷூவின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட்டின் இரண்டு போல்ட்டில் ஒன்று விழுந்துவிட்டது. இது ஆபத்தானது. ஓரமாக எதன் மேலாவது சாய்ந்து நின்று, ஷூவிலிருந்து காலை உருவிக்கொண்டு இறங்குங்கள், பிறகு ஷூவைப் பிடித்து நெம்பி எடுக்கலாம். கிளீட் போல்ட்டை மாதம் ஒருமுறை இறுக்கிப் பார்த்தாலே இது வராது.

பின்னால் யாரோ கத்துகிறார்கள், பதற்றத்தில் தடுமாறுகிறேன்

புதியவர்களை அதிகம் விழவைப்பது இது என்று சொல்வேன். சட்டென்று ஓரம் ஒதுங்காதீர்கள். உங்கள் கோட்டிலேயே ஓட்டிக்கொண்டு, "அடுத்த அகலமான இடத்தில் விடுகிறேன்" என்று கத்திச் சொல்லுங்கள், சொன்னபடி விடுங்கள். உங்களை ஒரு லேப் முந்தும் முன்னணி வீரருக்கு முதல் வாய்ப்பிலேயே வழிவிடுவது கடமை. இடத்துக்காக உங்களோடு போட்டியிடுபவருக்கு அவசரமாக வழிவிட வேண்டியதில்லை, அவர் முந்த இடம் தேடிக்கொள்ளட்டும். தள்ளிக்கொண்டு நடக்கிறீர்கள் என்றால் ஓட்டி வருபவருக்கு நல்ல கோட்டை விட்டுக்கொடுங்கள். தடத்தை விட்டு வெளியே போக நேர்ந்தால் போன இடத்திலேயே திரும்ப உள்ளே வர வேண்டும்.

பாதியில் மார்ஷல் உங்களை நிறுத்தினால் வாதாட வேண்டாம். முன்னணி வீரரின் முதல் லேப் நேரத்தைவிட 80 சதவீதம் பின்தங்குபவரை வெளியேற்றும் விதி யூசிஐ ரேஸ்களில் உண்டு, பல அமெச்சூர் ரேஸ்களும் ஏதாவது ஒரு நேர எல்லை வைத்திருக்கும்.

மறுநாள் வண்டி கிறீச்சென்று முனகுகிறது, நெஞ்சில் இருமல்

வறண்ட தூசிக் காற்றில் முழு மூச்சில் ஓட்டிய பிறகு சில மணி நேரம் இருமல் வருவது பொதுவானது. ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் நெஞ்சில் விசில் சத்தம், இறுக்கம் என்றால் மருத்துவரிடம் போங்கள், உடற்பயிற்சியால் மூச்சுக்குழல் சுருங்கும் தொல்லையாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு.

வண்டியின் முனகலுக்கு உடனே கிராங்க் அடிப்பகுதி பேரிங்கைக் குறை சொல்லாதீர்கள். நின்று ஓட்டினால் சத்தம் இல்லை என்றால் சீட்டிலோ சீட்போஸ்ட்டிலோ இருக்கிறது. பெடலை நிறுத்தி ஹேண்டில்பாரை மட்டும் இழுத்தால் கேட்கிறது என்றால் ஸ்டெம், ஹெட்செட், அதாவது ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் பகுதிகள். மிதிக்கும்போது மட்டும் என்றால் பெடல் திருகுப் பகுதி, செயின்ரிங் போல்ட், பின் ஆக்ஸில், ஹேங்கர் போல்ட் இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, கிரீஸ் போட்டு, அதனதன் இறுக்க அளவில் மாட்டுங்கள். இதற்கெல்லாம் அடங்காவிட்டால்தான் பேரிங். கழுவும்போது அழுத்தமான நீரைப் பேரிங்குகள் பக்கம் பீய்ச்சியிருந்தால் அதுவும் சீக்கிரம் வரும், வாளித் தண்ணீரும் பிரஷும் போதும்.